நாளைப் பெரட்டுக்கு எரியுமா?

ஜொகூரில் உள்ள தெப்ராவில் பொழுது ஏழு மணிக்குத்தான் விடிகிறது. நவம்பரில் கால் மணி நேரம் முந்தும், பிப்ரவரியில் கால் மணி நேரம் பிந்தும், அவ்வளவுதான். இதில் சூரியன் மேல் குற்றமில்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதுவரை ஆறரைக்கு விடிந்த ஊர் அன்றிலிருந்து ஏழுக்கு விடிகிறது. ஏழு மணி ஷிப்ட்டுக்குப் போகிறவர் ஆறேகாலுக்கே சைக்கிளை எடுத்தாக வேண்டும்.

அந்த இருட்டில் தொழிற்பேட்டைச் சாலையோரம் ஒரு நாள் நின்று பாருங்கள். நேப்பாளி, வங்காளதேசி இளைஞர்கள் இருவர் மூவராக மிதித்துக்கொண்டு போவார்கள். பெரும்பாலான சைக்கிளில் விளக்கே இருக்காது. ஒரு சிலர் கைப்பேசி டார்ச்சை எரியவிட்டுச் சட்டைப் பையில் செருகியிருப்பார்கள். அந்த வெளிச்சம் அவர்களுடைய முகவாயைத்தான் காட்டும்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இங்குள்ள பெரியவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: “அந்தக் காலத்து டைனமோ மாதிரி வருமா?” கேள்வி வடிவில் இருந்தாலும் அது தீர்ப்பு. வருமா வராதா என்று உண்மையிலேயே எடைபோட்டுப் பார்த்தவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. ஆகவே நான்கு உருப்படிகளை என் வீட்டுப் பின்கட்டு மேசையில் பரப்பி வைத்தேன். டயரில் உரசி ஓடும் குப்பி வடிவ டைனமோ ஒன்று. முன் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே காந்தத்தை வைத்த பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் டைனோஹப் ஒன்று. அதே யோசனையின் இன்றைய வடிவமான டைனமோ ஹப் ஒன்று. நான்காவது, யு.எஸ்.பி. கம்பியில் சார்ஜ் ஏற்றும் சிறிய எல்.இ.டி. விளக்கு. அது டைனமோ அல்ல. ஆனால் டைனமோவைச் சந்தையிலிருந்து விரட்டியது அதுதான் என்பதால் அதைக் கூண்டில் ஏற்றாமல் வழக்கு நடத்த முடியாது.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் பாராட்டில் இரண்டு சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ‘நன்றாகச் செய்யப்பட்டது’ என்பது ஒன்று, ‘ரிப்பேர் பண்ண முடிந்தது’ என்பது இன்னொன்று. ஓட்டைக் குடத்துக்கு ஈயம் பூசிப் பூசித் தண்ணீர் பிடித்தோம் என்றால் ஈயக்காரர் கெட்டிக்காரர் என்று தெரிகிறது. குடம் நல்ல குடம் என்று ஆகாது. இரண்டையும் பிரித்துத்தான் நிறுக்க வேண்டும். பிரித்த பிறகு இரண்டையும் ஒரே கேள்வியில் முடிச்சுப் போடலாம். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை நினைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன்: இன்று ராத்திரி அணைந்த விளக்கு நாளைப் பெரட்டுக்கு எரியுமா? அதை எரிய வைக்கக்கூடிய கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

தோட்டம் என்றதும் ஒரு கற்பனையைக் கலைத்தாக வேண்டும். தெப்ராவ் ஆற்றங்கரையில் 1844-இல் தான் கீ சூன் கங்கார் தெப்ராவைத் தொடங்கியபோது மிளகும் காம்பியரும் விளைந்தன. பிறகு ரப்பர் வந்தது, செம்பனை வந்தது, இப்போது ஐக்கியா வந்திருக்கிறது. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு உணவுக் கடைகளும் வீடமைப்புப் பகுதியும்தான். அது ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். அந்த ரப்பர்க் காலத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் எல்லாரும் டைனமோ ஒளியில் போனார்கள் என்பதுபோல் இப்போது பேசுகிறோம். யோசித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. மரத்துக்கு மரம் நின்று நின்று போகிற வேலை அது. சக்கரம் நின்றால் டைனமோ அணைந்துவிடும். வெட்டுக்காட்டில் அதற்கு வேலையே இல்லை. அங்கே உதவியது நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கு. டைனமோ சாலைக்கான பொருள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, பள்ளிக்கூட வாத்தியார், படம் பார்க்கப் பட்டணம் போய் ராத்திரி திரும்பும் வாலிபன் ஆகியோருக்கானது. அதாவது விளக்கே இல்லாத சாலையில், நிற்காமல், நேராக ஓடும் ஒரு சைக்கிளுக்காகப் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பின்போது திரும்ப வரும்.

முதலில் குப்பி டைனமோ. மில்லர், லூக்காஸ் என்று பர்மிங்ஹாம் பெயர்களைத் தாங்கி வந்த பரம்பரை. என் மேசையில் இருப்பதில் முத்திரை தேய்ந்துபோய்விட்டது. உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது, அதைச் சுற்றிக் காயில் அசையாமல் இருக்கிறது. அவ்வளவுதான் சமாசாரம். கார்பன் பிரஷ் கிடையாது, தேய்கிற மின்தொடர்பு கிடையாது. மின்சாரப் பொருளாகப் பார்த்தால் இதைவிட எளிமையாகவும் உறுதியாகவும் ஒன்றைச் செய்வது கடினம். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் காயிலில் மீட்டரை வைத்தால் முள் அசைகிறது. ஆனால் மிதிவண்டியின் பாகமாகப் பார்த்தால் கதை வேறு.

ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 4.2 மீட்டர். டைனமோவின் தலை உருளை 22 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு 7 சென்டிமீட்டரை ஒட்டி வரும். நொடிக்கு 60 சுற்று, நிமிடத்துக்கு 3,600. அதே நேரத்தில் 28 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 115 சுற்றைத் தாண்டுவதில்லை. சக்கரத்தைவிட முப்பது மடங்கு வேகமாகச் சுழலும் ஒரு தண்டு. அதைத் தாங்க வைத்திருப்பது என்ன? பெரும்பாலானவற்றில் பித்தளை வகைப் புஷ். குண்டு பேரிங் இல்லை. மேலே மழை, கீழே சேறு. எண்ணெய் காய்ந்தால் தண்டு இறுகும். இறுகினால் உருளை டயர்மேல் வழுக்கும். மனுசன் மூச்சிரைக்க மிதிப்பான், விளக்கு கண் சிமிட்டும். மிதிப்பவர் தருகிற சக்தியில் பாதிகூடப் பல்புக்குப் போய்ச் சேராததற்கு இந்த உரசல்தான் பெரிய காரணம்.

அடுத்தது டயர். பழைய டயர்களின் பக்கவாட்டில் அரம் போட்டதுபோல் வரிவரியாக ஒரு வளையம் இருக்கும். அது அழகுக்காக இல்லை, டைனமோ உருளை பிடித்து ஓடுவதற்கான தடம். இங்கே மலிவாகக் கிடைக்கும் டயர்களில் இப்போது அந்தத் தடத்தைக் காணோம். வழவழப்பான டயர், அதன்மேல் ஜொகூர் மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊரில், மழை பெய்யும்போது வழுக்குகிற விளக்கு என்பது குடை விரித்தால் கிழியும் என்பது போல. பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு: டைனமோவின் அச்சுக்கோடு சக்கரத்தின் மையத்தை நோக்கி இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் உருளை உருளாமல் டயரைச் சீவும். சாலையில் நான் பார்த்த பழைய சைக்கிள்களில் முக்கால்வாசி சாய்ந்தே இருந்தன. டயரின் பக்கம் கிழிந்ததற்கு டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது குறைதான் எல்லாவற்றிலும் மோசம். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகிறது. திரும்பி வரும் வழி? சைக்கிளின் உடம்பு. டைனமோவைக் கவ்வும் பட்டையில் கூர்முனையுள்ள ஸ்குரு ஒன்று இருக்கும். அது பெயிண்டைக் குத்திக்கொண்டு உள்ளே இரும்பைத் தொட வேண்டும். முன்விளக்கின் மின்சாரம் விளக்கின் கால், அதைத் தாங்கும் தகடு, போர்க்கு என்று வழி தேடி வர வேண்டும். போர்க்கும் பிரேமும் சந்திக்கும் இடத்தில் கிரீஸ் பூசிய குண்டுகள். பின்விளக்கின் கதி இன்னும் பரிதாபம்: மட்கார்டு, மட்கார்டுக் கம்பி, நட்டு, பிரேம். இத்தனை மூட்டிலும் துரு ஏறாமல் இருக்க வேண்டும். கடலும் மழையும் வியர்வையும் சேர்ந்த இந்த ஊரில் அது நடக்கிற காரியமா?

‘அந்தக் காலத்து டைனமோவை நாமே ரிப்பேர் பண்ணிவிடுவோம்’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த ரிப்பேரில் பெரும்பகுதி இதுதான். உப்புத்தாள் எடுத்துத் துருவைத் தேய்ப்பது. ஸ்குருவை இன்னும் அரைச் சுற்று முறுக்குவது. விளக்கை ஒரு தட்டுத் தட்டுவது. தட்டினால் எரிகிற விளக்கு நல்ல விளக்கல்ல, மூட்டு கெட்ட விளக்கு. இன்னொரு முழம் ஒயரைச் சேர்த்துத் திரும்பும் வழியையும் ஒயரிலேயே கொடுத்திருந்தால் இந்தத் தேய்ப்பும் முறுக்கும் தட்டலும் பாதிக்குமேல் தேவைப்பட்டிருக்காது. ஒரு முழம் ஒயரை மிச்சம் பிடித்த செலவை அரை நூற்றாண்டாக வாங்கியவர்களின் கைகள் கொடுத்திருக்கின்றன.

பல்பு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். உலக வழக்கு 6 வோல்ட், 3 வாட். முன்னால் 2.4, பின்னால் 0.6. காயிலின் தன்மையால் வேகம் கூடினாலும் மின்னோட்டம் ஓரளவுக்கு மேல் ஏறாது. தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் இந்தக் குணத்தை நான் மனதார மெச்சுகிறேன். ஆனால் இரண்டு பல்பும் சேர்ந்து வாங்கிக்கொண்டால்தான் கணக்கு சரிவரும். பின் பல்பு போய்விட்டால் அதன் பங்கையும் முன் பல்பே குடிக்கும். அடுத்த இறக்கத்தில் அதுவும் போகும். பின்னால் திரும்பிப் பார்க்காத ஓட்டுநருக்கு முன் பல்பு போனதுதான் தெரியும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார், அதுவும் போகும். ‘பல்பெல்லாம் டூப்ளிகேட்’ என்ற பழியில் எத்தனை பங்கு உண்மையோ, எத்தனை பங்கு பின் பல்பினுடையதோ.

இனி டைனோஹப். ஸ்டர்மி ஆர்ச்சர் இதை 1936-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984 வரை உற்பத்தி நடந்தது. நாட்டிங்ஹாமில் ராலே சைக்கிளோடு ஒட்டிப் பிறந்த பொருள். ராலே வந்த இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. இங்கே பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் ‘பாசிக்கால் துவா’ கூட்டங்களில் இதைத் தங்கம்போல் துடைத்து வைத்திருப்பார்கள்.

செய்நேர்த்தியில் இதற்கும் குப்பிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. டயரோடு உரசல் இல்லை. தனி அச்சுத் தண்டு இல்லை. முன் சக்கரம் எந்தக் கூம்பிலும் குண்டுகளிலும் சுழல்கிறதோ அதே குண்டுகளில் இதுவும் சுழல்கிறது. நிமிடத்துக்கு 3,600 இல்லை, 115 தான். அவ்வளவு மெதுவாகச் சுற்றியும் மின்சாரம் வர வேண்டுமே, அதற்காக 20 முனைகள் கொண்ட வளையக் காந்தம். மழையில் வழுக்காது, சத்தம் போடாது. முனையில் இரண்டு திருகு முனையங்கள், இரண்டு ஒயர். பிரேமை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை. எந்த சைக்கிள் கடைக்காரரும் கூம்பை இறுக்கித் தளர்த்திக் கிரீஸ் வைக்கலாம்.

ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு டைனோஹப்பைச் சுத்தம் பண்ணக் கொடுத்தேன். கொடுத்த இடம் எது என்பது இங்கே தேவையில்லை. நல்ல கைக்காரர். காந்தத்தையும் காயிலையும் தனித்தனியே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காயவைத்து, புத்தம் புதிதுபோல் மாட்டித் தந்தார். அன்று ராத்திரி விளக்கு மின்மினிபோல் எரிந்தது. அந்தக் காலக் காந்தங்களுக்கு ஒரு குணம்: காயிலின் இரும்பை விட்டுப் பிரித்தவுடன் அந்த இடத்தில் வேறு இரும்பு வளையத்தைக் கொடுத்துக் காந்தப் பாதையை மூடாவிட்டால் சக்தி இறங்கிவிடும். செய்தவர்கள் இதைத் தங்கள் குறிப்பில் தெளிவாக எச்சரித்திருந்தார்கள். குறிப்பு நாட்டிங்ஹாமில் அச்சானது, கழற்றியவர் இங்கே இருந்தார். இறங்கிய காந்தத்தை மறுபடி ஏற்றும் கருவி எந்த சைக்கிள் கடையிலும் கிடையாது.

எளிதில் கழற்ற முடிகிற பொருள் என்பதாலேயே அதை ரிப்பேருக்கு உகந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நாலு நட்டைத் திருகினால் திறக்கிற பொருள், திறந்ததாலேயே செத்தது. நல்ல வடிவமைப்பாளர் காந்தத்தைப் பிரிக்கவே முடியாதபடி ஒரு கண்ணியைப் போட்டிருப்பார். குறைந்தபட்சம் ஹப்பின் மேலேயே ‘பிரிக்காதே’ என்று பொறித்திருப்பார்.

டைனோஹப்மீது சுமத்தப்படும் இன்னொரு குற்றம் வெளிச்சம் போதாது என்பது. உண்மைதான். போருக்குப் பிந்திய 6 வோல்ட் வகை தருவது 2 வாட் அளவே. இழை பல்பு ஒரு வாட்டுக்குப் பத்து லூமனை ஒட்டித் தரும் என்றால், முன்னால் விழுந்தது ஒரு மஞ்சள் கறை. மெதுவாகப் போனால் அந்தக் கறையும் துடிக்கும். ஆனால் இந்தக் குற்றத்தைப் பல்பின் தலையில் போட வேண்டும், ஹப்பின் தலையில் போடக் கூடாது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லூமனுக்குக் குறையாமல் தருகிறது. நான்கு டயோடு வைத்து மாறுமின்சாரத்தை ஒருபக்கமாக்கி, அதே 2 வாட்டை எல்.இ.டி.க்குக் கொடுத்துப் பார்த்தேன். ஐம்பது வருடம் கழித்துத்தான் அந்த ஹப்புக்குத் தகுந்த விளக்கு வந்திருக்கிறது என்று தோன்றியது. டயோடுகளின் விலை ஒரு தே தாரிக் விலையைத் தாண்டவில்லை.

இன்றைய டைனமோ ஹப் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியின் சாலைச் சட்டம் சைக்கிளுக்கு டைனமோ விளக்கைக் கட்டாயமாக்கியிருந்தது. 11 கிலோவுக்கு உட்பட்ட பந்தய சைக்கிள்களுக்கு மட்டும் விலக்கு. 2013-இல்தான் மற்றவற்றுக்கும் பேட்டரி விளக்கு போதும் என்று தளர்த்தினார்கள். கட்டாயம் இருந்ததால் வாங்குபவர்கள் இருந்தார்கள். வாங்குபவர்கள் திட்டினார்கள், திட்டு வாங்கியவர்கள் திருத்தினார்கள். ட்யூபிங்கனின் வில்பிரீட் ஷ்மிட் செய்யும் எஸ்.ஓ.என். ஹப்பும், மைனர்ட்ஸ்ஹாகனின் புஷ் உண்ட் முல்லர் விளக்குகளும் அந்தச் சந்தையில் வளர்ந்தவை. ஜப்பானின் சிமானோவும் அந்தச் சந்தைக்காகத்தான் வகை வகையாக ஹப் செய்தது. நம் ஊரிலோ தமிழ்நாட்டிலோ விளக்கில்லாமல் போனவரைப் போலீஸ் நிறுத்தியது உண்டு. ஆனால் எப்படிப்பட்ட விளக்கு, எத்தனை தூரத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று கேட்டவர் இல்லை. டைனமோ ஒட்டியிருந்தால் போதும், எரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சந்தையில் மிக மலிவான டைனமோ ஜெயிக்கும். மற்றதெல்லாம் சாகும். பிற்காலத்தில் இங்கே வந்த குப்பிகள் உடம்பு மடித்து அடைத்தவை, திறக்க ஸ்குருகூட இல்லாதவை. அவை வந்த வழி இதுதான்.

இந்தப் புதிய ஹப்பின்மேல் வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு: மூடி முத்திரை வைத்தது, நம் கடைக்காரர் தொட முடியாது, பேரிங் போனால் ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்ப வேண்டும். எஸ்.ஓ.என். வகைக்கு அது உண்மை. நானும் இந்தக் குற்றச்சாட்டோடுதான் எழுத உட்கார்ந்தேன். பிறகு ஒரு கணக்குப் போட்டேன். தெப்ராவில் ஒரு தொழிலாளி போக வர நாளைக்கு 8 கிலோமீட்டர் மிதிக்கிறார், மாதம் 26 நாள் என்று வைப்போம். ஆண்டுக்கு 2,500 கிலோமீட்டர் வருகிறது. 50,000 கிலோமீட்டர் தாங்கும் பேரிங் என்றால் இருபது ஆண்டுகள். இருபது ஆண்டில் ஒரு முறை கெடுவதைப் பார்சல் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? வாரம் ஒரு முறை உப்புத்தாள் தேய்ப்பதைவிட அது எந்த விதத்தில் கேவலம்? ரிப்பேர் பண்ண முடிவதைவிட ரிப்பேர் தேவைப்படாதது மேல் என்ற எளிய உண்மையைப் பழமைப் பற்று மறைத்துவிடுகிறது.

கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஜெர்மானியர் வீட்டுக்குள் நிறுத்துவார்கள். இங்கே விடுதிக்கு வெளியே இரவெல்லாம் மழையில் நிற்கும். வெயிலில் சூடேறிய ஹப்பின்மேல் திடீரென்று மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஷ்மிட் இதற்கென்றே அச்சுக்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் குழாய் வைத்திருக்கிறார். மலிவான ஹப்புகளில் அது கிடையாது. விலையோ ஒரு சாதாரண சைக்கிளைவிட அதிகம். அந்த விலைக்கு ஹப் வாங்கிப் பூட்டும் சங்கிலியும் இல்லாத விடுதிக் கம்பியில் கட்டிவைக்க யாருக்கும் தைரியம் வராது.

நடுவில் ஒரு வழி உண்டு. கூம்பும் தனித்தனிக் குண்டுகளும் வைத்த சிமானோ வகை ஹப்பில், ஒயர் வெளியே வராத பக்கத்துக் கூம்பைச் சாதாரண ஸ்பேனரால் திருத்திக் கிரீஸ் வைக்கலாம். ஒயர் வரும் பக்கத்தைத் தொட்டால் உள்ளே காயில் ஒயர் அறுந்துவிடும். அதாவது பாதி வாசல் திறந்த வீடு. ஜொகூரிலேயே பொந்தியானில் சிமானோவுக்கு ஆலை இருக்கிறது. இருந்தும் இந்த ஊர்க் கடைகளில் டைனமோ ஹப் என்று கேட்டால் மலையேறும் சைக்கிளின் கியரைக் காட்டுகிறார்கள். எனக்குக் கிடைத்தது ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்து இறங்கிய பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து. ஜப்பான் வீட்டம்மாக்கள் காய்கறி வாங்கப் போகும் சைக்கிளில் முன்கூடைக்குக் கீழே டைனமோ ஹப் இருப்பது சர்வசாதாரணம். அந்த சைக்கிள்கள் இங்கே பழைய சாமான் விலைக்குக் கிடைக்கின்றன.

ஹப் பிழைத்துக்கொண்டது. மாட்டிக்கொண்டது விளக்கு. பழைய ஏற்பாட்டில் டைனமோதான் கெடும், விளக்கு என்பது ஒரு தகரக் கிண்ணமும் ஒரு பல்பும். உள்ளே வெள்ளிப் பூச்சு மங்கும், துடைக்கப் போனால் பூச்சே வந்துவிடும், மற்றபடி கெட ஒன்றுமில்லை. இப்போது ஹப் இருபது வருடம் ஓடுகிறது, எல்.இ.டி. விளக்குக்கு உள்ளே இருக்கும் சின்னச் சர்க்யூட் நாலு வருடத்தில் போகிறது. போனால் திறக்க முடியாது. பசை ஊற்றி அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் புகாமல் இருக்கப் பசை வேண்டும் என்பார்கள், அது நியாயம்தான். ஆனால் ரப்பர் வளையமும் நாலு ஸ்குருவும் வைத்தாலும் தண்ணீர் புகாது. ரப்பர் விளைந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத வேண்டியிருக்கிறதே என்பது தனி எரிச்சல். பசை ஊற்றியது மழைக்காகவா, அடுத்த விற்பனைக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும் என்பேன். முதல் காரணத்தை ஏற்கிறேன், இரண்டாவதை ஏற்கவில்லை. ஆகவே புதிய தலைமுறையில் நான் அதிகம் மதிப்பெண் குறைப்பது விளக்குக்குத்தான்.

யு.எஸ்.பி. விளக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மலிவு, பிரகாசம், யாருடைய உதவியுமின்றி ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். புதிதாக இருக்கும் முதல் ஆண்டில் மற்ற மூன்றையும் இது தோற்கடிக்கிறது. மறைக்க முடியாத உண்மை. பிறகு சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தொங்கும், துளையில் பச்சை பூக்கும், லித்தியம் பேட்டரி உப்பும். திறக்கத் தெரிந்தவர் திறந்தாலும் உள்ளே இருக்கும் அளவுக்குப் பேட்டரி தனியாகக் கிடைப்பது அரிது. பத்துப் பேருக்கு இரண்டு பிளக் இருக்கும் விடுதியில் கைப்பேசிக்குப் பிறகுதான் விளக்குக்கு முறை வரும். பெரட்டுக் கேள்விக்கு அதன் பதில்: நேற்று ராத்திரி மறக்காமல் சார்ஜ் போட்டிருந்தால் எரியும்.

இப்போது ஓரமாக வைத்த சங்கதிக்கு வருகிறேன். கிராணி ஓட்டிய சாலை இருட்டு. அவருக்கு முன்னால் இருக்கும் பள்ளம் தெரிய வேண்டும். அதனால் 3 வாட்டில் 2.4 முன்னுக்குப் போனது நியாயம். இன்று தெப்ராவ் நெடுஞ்சாலையில் விளக்குக் கம்பம் இல்லாத இடம் எத்தனை முழம்? பள்ளம் தானாகவே தெரிகிறது. தெரியாமல் போவது சைக்கிள்தான், அதுவும் பின்னால் வரும் லாரிக்கு. ஆபத்து முன்னாலிருந்து பின்னால் இடம் மாறிவிட்டது. விளக்கின் பங்கீடு மாறவில்லை. பழைய டைனமோ செட்டில் பின்விளக்குக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. மிக நீளமான ஒயர் அதற்கு, மிக மோசமான மூட்டுகள் அதற்கு, கெட்டாலும் ஓட்டுகிறவர் கண்ணில் படாத இடமும் அதற்கு. போதாக்குறைக்கு சிக்னலில் நின்றவுடன் அணைந்துவிடும். லாரி பின்னால் வந்து நிற்கும் அந்த நேரத்தில்.

சிவப்புக் கண்ணாடிச் சில்லு இருக்கிறதே என்பார்கள். ஜாலான் தெப்ராவ் பக்கம் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயிரமாயிரம் சில்லும் யாரோ விளக்குப் போட்டால்தான் ஜொலிக்கும். விளக்கையே இந்த ஊர் மறந்துவிட்டதற்கு ஒரு சாட்சி உண்டு. 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்று மணிபோல் ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் மாற்றியமைத்த சைக்கிள்களில் வந்த எட்டுப் பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். வழக்கு 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் ஓட்டுநர் விடுதலையானார். அந்த ஆறு வருடமும் நாடு வேகத்தைப் பேசியது, பெற்றோரைப் பேசியது, பிரேக்கைப் பேசியது. விளக்கு அந்தப் பேச்சில் ஒரு வரிக்கு மேல் வளரவில்லை. அந்தப் பிள்ளைகளை ஒரு விளக்கு காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் சைக்கிள் என்றால் விளக்கு என்ற எண்ணமே இந்த ஊரிலிருந்து கழன்றுவிட்டதை அது காட்டுகிறது.

தீர்ப்பு. குப்பி டைனமோவுக்குப் பெரியவர்கள் தரும் புகழில் பாதியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காயிலும் காந்தமும் நல்ல வேலை. தண்டும் மூட்டும் டயர்ப் பிடிப்பும் மோசமான வேலை. ரிப்பேர் என்று நாம் கொண்டாடியது அந்த மோசத்துக்குக் கட்டிய வரி. இன்றைய தெப்ராவ் சாலைக்கு, நின்றால் அணையும் பின்விளக்கோடு, அது தகுதியில்லை. வீட்டில் அதை வைத்திருப்பவர்கள் இரண்டாவது ஒயர் இழுத்து, புஷ்ஷுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, தோட்டத்துச் செம்மண் பாதைக்கு வைத்துக்கொள்ளட்டும். டைனோஹப் செய்நேர்த்தியில் இரண்டாம் இடம், காந்தத்தைப் பிரிக்காத வரை. எல்.இ.டி.யோடு சேர்த்தால் அது இன்னும் ஒரு தலைமுறை ஓடும். ஆனால் புதிதாகத் தேடி வாங்கச் சொல்ல மாட்டேன். ஜெர்மன் ஹப்புகள் செய்நேர்த்தியில் முதல் இடம், தொழிலாளியின் கைக்கு எட்டுவதில் கடைசி இடம்.

நான் தேர்ந்தெடுப்பது பழைய ஜப்பான் சைக்கிளிலிருந்து கழற்றிய, கூம்பு திருத்தக்கூடிய ஹப். இரண்டு இழை ஒயர், பிரேமை நம்பாதது. ஸ்குருவால் திறக்கும் முன்விளக்கு. பின்னால் எல்.இ.டி.யோடு ஒரு சூப்பர் கப்பாசிட்டர், சிக்னலில் நின்றாலும் சில நிமிடம் எரிவதற்கு. யு.எஸ்.பி. விளக்கு வேண்டுமானால் துணைக்கு இருக்கட்டும், தலைமைக்கு வேண்டாம்.

இப்படி ஒன்றைக் கட்டிப் பதினான்கு மாதமாக ஓட்டுகிறேன். ஹப்பைத் தொடவில்லை. முன்விளக்கை ஒரு முறை திறந்து டயோடு மாற்றினேன், இருபது நிமிட வேலை. பின்விளக்கு இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் மட்கார்டின் விளிம்பு ஒயரை அறுத்திருந்தது. அந்த இடத்தில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது டியூப் பாதி தேய்ந்திருந்தது.